ஏனையவை

வரவு செலவுத் திட்டத்தை
நான்தான் தட்டச்சு செய்கிறேன், பதினொரு வருடமாக.
போன வருடக் கோப்பைத் திறந்து
வருடத்தை மாற்றி
வடிகானுக்கும் வாகனத் திருத்தத்துக்கும்
பத்து வீதம் கூட்டினால்
பாதி வேலை முடிந்துவிடும்.

இந்த முறை ஒரு சுற்றறிக்கை வந்தது:
சிறுவர்களின் தேவைகளையும் கேட்டறிக.
புகைப்படம் இணைத்து அனுப்புக.

புகைப்படத்துக்காகத்தான் போனோம்,
நானும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் சதானந்தனும்,
படுவான்கரைக் கிரவல் ரோட்டால்
அவருடைய மோட்டார் சைக்கிளில்
நாவலடிச்சேனைக்கு.
ஒரு பதாகை. எட்டுப் பைக்கற் பிஸ்கட்.
ஊஞ்சல்தான் கேட்பார்கள் என்று
ஊஞ்சலுக்கு விலைமனுவும் எடுத்து வைத்திருந்தோம்.

ஒரேயொரு குட்டி ஊஞ்சல் கேட்டான்.
அவனும் மறுகா மாற்றிக்கொண்டான்: பஸ்.

பழைய கலண்டர்த் தாள்களைத் திருப்பிப் போட்டு
ஊரை வரைந்தார்கள்.
எங்கள் சபைக் கட்டடம் ஒரு தாளிலும் இல்லை.
வாய்க்கால் வளைவு இருந்தது,
அதில் ஆனை நிற்கும் இடம்
தாள் கிழியுமளவு கறுப்பாய்.
பஸ் நிற்காத தரிப்பிடம்.
ஒரு பூட்டு, அதற்குப் பின்னால் நூலகம்;
டியூசன் ஆறு மணிக்கு விடுகிறது,
நூலகம் நாலரைக்கே மூடுகிறது.
கேதுஷா ஆறரை மணியை
ஒரு இடம்போலவே வரைந்திருந்தாள்,
வேலி போட்டு, வாசல் வைக்காமல்.

லதுர்ஷியின் தாளில் ஒரு கதவு மட்டும்.
என்ன இது என்று கேட்டேன்.
"பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல சபை கட்டின கக்கூசு.
கொண்டி இல்ல மிஸ்.
ஒராள் போனா ஒராள் கதவப் புடிக்கணும்.
புடிக்க ஆள் வராத நாள்
நான் தண்ணி குடிக்கிறல்ல."

சதானந்தன் புகைப்படம் எடுக்க மறந்துவிட்டார்.

கந்தோரில் இரவு ஏழு வரை இருந்து பார்த்தேன்.
ஒரு கொண்டி முந்நூற்றைம்பது ரூபாய்.
அவ்வளவு சின்னத் தொகைக்கு
எங்களிடம் தலைப்பே இல்லை.
கட்டடம் என்றால் இலட்சத்தில் தொடங்குகிறது.
திருத்தம் என்றால் மூன்று கையெழுத்து.
தண்ணீர் குடிக்காத பகல்களை
எந்த நிரலில் போடுவது?

கடைசி வரி: ஏனையவை.
பூமாலை, தேநீர், பொன்னாடை
எல்லாம் அதற்குள்தான் போய்வந்தன.
பொன்னாடையை அழித்துவிட்டு
கொண்டி என்று அடித்தேன்.
அதற்குக் கீழே, வளைவில் மின்விளக்கு ஒன்று.
அதற்குக் கீழே, நூலகம், மாலை ஏழு வரை,
மேலதிக நேரக் கொடுப்பனவு.

சபைக் கூட்டத்தில் பேரின்பம் மெம்பர்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"வோட்டில்லாத ஆக்களுக்கு
எந்த வோட்டில இருந்து காசு?"
எல்லோரும் சிரித்தார்கள்.
நல்ல பகிடிதான், நானும் சிரித்தேன்.
சிரித்ததை அறிக்கையில் எழுதுவதில்லை.

தவிசாளர் தாளைப் புரட்டினார், திரும்பப் புரட்டினார்.
"இந்தக் கதவை யார் கீறினது?"
பெயரைச் சொன்னேன்.
"எத்தினையாம் ஆண்டு?"
ஏழு.
அவருடைய மகளும் ஏழாம் ஆண்டு என்பது
மேசையில் எல்லோருக்கும் தெரியும்.
ஒருவரும் அதைச் சொல்லவில்லை.
கொண்டி நிறைவேறியது.
விளக்கு, ஒரு வாக்கு வித்தியாசத்தில்.
நூலகம் அடுத்த வருடத்துக்குப் போனது.

தையில் கம்பம் நட்டார்கள்.
நானே பற்றுச்சீட்டைப் பதிந்தேன்,
வேலை முடிவுற்றது என்று சிவப்பால் கோடும் போட்டேன்.

மாசி இரண்டாம் கிழமை
தபாலில் ஒரு கலண்டர்த் தாள்.
அதே வாய்க்கால், அதே வளைவு.
மஞ்சள் நிறத்தில் விளக்கு,
வளைவுக்கு நூறு யார் முன்னால்,
மெம்பரின் மச்சான் வீட்டு வாசலில்.
வளைவு கறுப்பாகவே இருந்தது.
நடுவில் ஒரு அம்புக்குறி,
அதன் மேல் கேதுஷாவின் எழுத்து:
இஞ்ச இல்ல. அங்க.

முத்திரை குத்தினேன்:
கிடைக்கப்பெற்றது.
கம்பத்தின் கோப்பை
அலுமாரியிலிருந்து வெளியே எடுத்தேன்.